அந்தப் போட்டோவுல இருக்கிறது நான் இல்ல

பிள்ளைய மல்லாக்கப் போடாத தங்கச்சி. ஒருக்களிச்சுப் போடு. ஆங், தலை உன் முழங்கைப் பக்கம் வரட்டும். இன்னொரு வாந்தி வருது பாரு, வரட்டும், வந்துட்டுப் போகட்டும். இந்தா, இந்தக் கவரைப் பிடி. சன்னலோரம் நீ வா, நான் இங்கிட்டு வர்றேன். ஐயோ, தண்ணிய மடக்கு மடக்குன்னு குடுக்காத! பாட்டில் மூடியில ஊத்திக் குடு. அஞ்சு நிமிசத்துக்கு ஒரு மூடி. ரயிலு ஆடுற ஆட்டத்துக்கு வர்ற வாந்திதான் இது, தானா அடங்கிரும். மொகத்த அப்பிடி வச்சுக்காத, உன்னப் பாத்துத்தான் பிள்ளை பயப்படுது.

நர்சான்னா கேக்குற? இன்னைக்குக் காலையில பதினொன்ற மணி வரைக்கும் நர்சு. இப்ப மணி என்ன? ரெண்டரையா? அப்ப மூணு மணி நேரமா நான் நர்சு இல்ல. சிரி, சிரி. எனக்கே சிரிப்பாத்தான் இருக்கு. இனிமே யாரு மயங்கி விழுந்தாலும் தாண்டிப் போயிரணும்னு எழும்பூர்ல ரயில் ஏறும்போது சத்தியம் பண்ணிட்டுத்தான் ஏறுனேன். தாம்பரம் தாண்டல, உன் பிள்ளை வாந்தி எடுத்துருச்சு.

நீ எங்க எறங்குற? விருத்தாசலமா? ரொம்ப நல்லதாப் போச்சு. நான் மதுரையில எறங்கி பஸ்ஸு பிடிச்சுத் தேனி போகணும். இனிமே உன்னை நான் பாக்கப் போறதில்ல, என்னை நீ பாக்கப் போறதில்ல. எங்க ஊரு ஆளுக ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியாதத உங்கிட்ட சொல்லிருவேன். சொல்லலைன்னா மதுரைக்குள்ள எனக்கு வயிறு வெடிச்சிரும்.

எம்பேரு பேச்சித்தாய். ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேரு எதுக்கு, அவங்க நல்லவங்கதான். அங்க பதினாலு வருஷ சர்வீஸு. ஆம்பளை வார்டு மொத்தமும் எங் கைக்குள்ள. பெரிய டாக்டரு வந்தாக்கூட நோயாளிங்க பீடிய முதுகுக்குப் பின்னாடி மறைக்கிறதோட சரி. நான் நுழைஞ்சா முழுங்கியே போடுவானுங்க. அப்பேர்ப்பட்ட எனக்கு இன்னைக்கு நம்பரு போச்சு. நர்சுன்னா பதிவு நம்பரு ஒண்ணு இருக்கும், அதான் எங்களுக்கு உசுரு. அது இல்லாம ஒரு ஊசி போட்டாலும் போலீஸு கேசு. ஏன் போச்சுன்னு கேளு. நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு அனுமதி சரியில்லையாம். பதினாலு வருஷம் கழிச்சுக் கண்டுபிடிச்சிருக்காங்க.

கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி தமயந்தின்னு ஒருத்தியப் பத்திச் சொல்லிர்றேன். இல்லைன்னா நடுவுல எனக்குக் கோவம் வந்து கதை நின்னுபோயிரும். எங்க வார்டுலயே எனக்கு ஜூனியரு. நான் படிச்ச அதே பள்ளிக்கூடம், எனக்கு ரெண்டு பேட்சு பின்னாடி, நான் முடிச்சு வந்தப்பறம் சேந்தவ. பதினோரு வருஷமா எங்கூட வேலை பாக்குறா. பதினோரு வருஷமா எனக்கும் அவளுக்கும் ஆகாது.

ஒரு நாளு காலையில அஞ்சு மணி காய்ச்சல் சார்ட்டை நான் காய்ச்சல் பாக்காம எழுதிட்டேன். ஊரு உலகத்துல எல்லா நர்சும் எழுதுறதுதான். முப்பது கட்டிலு. நல்லாத் தூங்குறவனை எழுப்பி அக்குள்ல தெர்மாமீட்டரைச் சொருகவா? நேத்து சாயங்காலம் தொண்ணூத்தெட்டு இருந்தவனுக்குக் காலையிலயும் தொண்ணூத்தெட்டுத்தான். இவ என்ன பண்ணுனா தெரியுமா? முப்பது பேரையும் எழுப்பிப் பாத்து, நான் எழுதுனதச் செவப்பு மையில அடிச்சு, பக்கத்துல அவ பாத்ததை எழுதி, கையெழுத்தும் போட்டு வச்சுட்டா. எங்க தலைமை நர்சு மேட்ரன் கூப்பிட்டுக் கேட்டா, 'ஆமா மேடம், அக்கா பாக்காம எழுதிட்டாங்க, நாலாம் கட்டிலுக்கு நூத்திரெண்டு இருந்துச்சு'ன்னு என்னைய வச்சுக்கிட்டே சொல்றா. ஒரு மனுசிக்கு மூஞ்சின்னு ஒண்ணு வேணுமில்ல?

அவ தப்பு பண்ணுனாலும் அதே கூத்துதான். கைதவறி மருந்துக் குப்பி ஒடைஞ்சா நாமன்னா பெருக்கித் தள்ளிட்டு அடுத்த வேலையப் பாப்போம். அவ நேரா மேட்ரன் ரூமுக்கு நடந்து போயிச் சொல்லி, திட்டு வாங்கிட்டுத்தான் வருவா. திட்டு வாங்கலைன்னா அவளுக்குச் சோறு எறங்காது போல. அவளை நான் நிக்க வச்சுத் திட்டாத நாள் இல்ல. அவளுக்காகத்தான் இன்னைக்கு நான் இப்பிடிப் பண்ணுனேன்னு கடைசியில நீ நெனைச்சிரக் கூடாது, அதுக்குத்தான் மொதல்லயே சொல்றேன்.

சரி, பள்ளிக்கூடம். நான் பன்னெண்டாப்பு முடிச்சு ஆறு வருஷம் நூல் மில்லுல வேலை பாத்தேன். அந்தக் காசுல நர்சிங் படிக்கணும்னு ஒரு வெறி. எங்க ஊருக்குப் பக்கத்துல மூடிக்கெடந்த சினிமாக் கொட்டகைய பவுன்ராஜுன்னு ஒருத்தரு வாங்கி, ஸ்ரீ பவுன் நர்சிங் பள்ளின்னு போர்டு மாட்டுனாரு. அதுக்கு முன்னாடி அவரு பம்புசெட்டுக் கடை வச்சிருந்தாரு. டிக்கெட்டு குடுக்குற கூண்டுதான் ஆபீஸு. பீஸு கட்டப் போனா அந்தச் சின்ன ஓட்டைக்குள்ளதான் கைய விடணும். பால்கனியில கிளாஸு. படம் ஓட்டுற ரூமுல எலும்புக்கூடு. தரையில பெஞ்சு போட்டுப் படம் பாத்த எடம் பூராவும் கட்டிலைப் போட்டு, அதான் வார்டாம்.

'சார், அனுமதி இருக்கா'ன்னு எங்கப்பா கேட்டாரு. 'வந்துக்கிட்டே இருக்கு'ன்னாரு பவுன்ராஜு. எப்பக் கேட்டாலும் அதே பதில்தான். ஆனா ஒண்ணு, எங்க பேட்சுக்கு மட்டும் நெசமாவே ஒரு அனுமதிக் கடிதம் இருந்துச்சு. ஒரே ஒரு பேட்சு நடத்திக்கலாம்னு. அடுத்த வருஷமும் பிள்ளைகளச் சேக்கணும்னா சென்னையில இருந்து ஆளு வந்து பாத்து, சரின்னு எழுதணும். அதான் இன்ஸ்பெக்‌ஷன். அந்த ஒரு நாளுதான் தங்கச்சி என் வாழ்க்கையில நல்ல நாளும் கெட்ட நாளும்.

பிள்ளைக்கு ஒரு மூடி குடு. சப்புது பாரு, நல்லது.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடியே கொட்டகை கல்யாண வீடு மாதிரி ஆயிருச்சு. பந்தல்காரன்கிட்ட இருந்து கட்டிலு. மதுரையில இருந்து வாடகைக்கு இன்னொரு எலும்புக்கூடு, அது பஸ்ஸுலதான் வந்துச்சு, கண்டக்டரு அரை டிக்கெட்டுப் போட்டுட்டாராம். நோயாளி வேணுமில்ல? காய்கறி மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவங்க முப்பது பேர். ஒரு நாள் கூலி, ஒரு பிரியாணிப் பொட்டலம். பவுன்ராஜு ஒவ்வொரு கட்டிலா வந்து நோயப் பங்கு வச்சாரு. 'உனக்கு டைபாய்டு. உனக்கு மஞ்சக்காமாலை, சும்மா சிரிக்கக்கூடாது. உனக்குக் குடல்வால் ஆபரேஷன், வலது பக்கம், வலது பக்கம்யா, அது இடது!' நாங்க அம்புட்டுப் பேரும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறோம். அதுல தப்பு இருக்குன்னு சத்தியமா எங்களுக்குத் தோணல. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இப்பிடித்தானாம், பவுன்ராஜு சொன்னாரு.

டியூட்டரு அஞ்சு பேரு இருக்கணும்னு விதி. நாலு பேரு வந்துட்டாங்க. அஞ்சாவது எலிசபெத் புஷ்பம்னு ஒரு மேடம், மதுரைக்காரங்க, நெசமாவே பெரிய படிப்பு படிச்சவங்க. அவங்க சர்ட்டிபிகேட்டெல்லாம் பைலுல இருக்கு, அவங்க மட்டும் வரல. போன் போட்டா எடுக்கல. பாக்க வர்ற சென்னை மேடம் கார் ஆண்டிபட்டி தாண்டிருச்சுன்னு தகவல் வந்துருச்சு. பவுன்ராஜுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எங்க வரிசைய ஒரு பார்வை பாத்தாரு. நான் மில்லுல வேலை பாத்துட்டு வந்தவ இல்லையா, மத்த பிள்ளைகள விட ஆறு வயசு கூட. உயரமும் கூட. 'பேச்சித்தாயி, நீ சேலை கட்டுனா டீச்சர் மாதிரியே இருப்ப'ன்னாரு.

எனக்கு உள்ளுக்குள்ள ஜிவ்வுன்னு இருந்துச்சு. வேண்டாம்னு சொல்லணும்னுகூடத் தோணல. அவரு பொண்டாட்டியோட காட்டன் சேலை. தலையில கொண்டை. படிச்ச களை வரணும்னு அவரோட மூக்குக் கண்ணாடியக் கழட்டி எனக்கு மாட்டிவிட்டாரு. மாட்டுனதும் எனக்குக் கண்ணு தெரியல. மாணவிக பட்டியல்ல இருந்து எம் பேர எடுக்கணுமில்ல? டிக்கெட்டுக் கூண்டுக்குள்ள வச்சு பிளேடால சுரண்டுனாரு. மேஜை ஆடுச்சு. பேப்பரு கிழிஞ்சிரக் கூடாதேன்னு நான்தான் மேஜைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

மேடம் வந்தாங்க. கையில குடை, சின்னதா ஒரு கேமரா. சிரிக்கவே இல்ல. யாரு சொல்றதையும் நம்பல. மாணவிகள ஒவ்வொருத்தியா நிக்க வச்சு, பேரக் கேட்டு, அவங்க சொந்த நோட்டுல சொந்தக் கையால எழுதி, பக்கத்துல கையெழுத்து வாங்குனாங்க. அம்பத்தொம்பது பேரு. அறுபதாவது ஆளு அந்தப் பக்கம் டியூட்டருங்க வரிசையில கண்ணாடி போட்டுக்கிட்டு நிக்கிறா. அப்பறம் எங்க அஞ்சு பேரையும் நிக்க வச்சு அந்தக் கேமராவுல ஒரு போட்டோ எடுத்தாங்க. அதோட விட்டாங்களா? என்னையக் கையக் காட்டி, 'எலிசபெத், நீங்க ஒரு வகுப்பு எடுங்க, பாக்குறேன்'ன்னாங்க.

வார்டுக்குப் போனோம். மொதக் கட்டில்ல குடல்வால் ஆபரேஷன், ஒச்சப்பன். பிரியாணியத் தின்னுட்டுக் கொறட்டை விட்டுத் தூங்குறாரு. படுத்தே கெடக்குற நோயாளியப் புண்ணு வராம எப்பிடித் திருப்பிப் போடுறது, அதை எடுத்தேன். எங்கூடப் படிக்கிறவளுக ரெண்டு பேரைக் கூப்பிட்டு, 'முழங்காலை மடக்கு. தோளுல ஒரு கை, இடுப்புல ஒரு கை. இழுக்காத, உருட்டு. இழுத்தா தோலு உரியும்'ன்னு சொல்லிக்கிட்டே வர்றேன். காலு பக்கம் குனியுறேன், குப்புன்னு ஒரு வாடை. கண்ணு தெரியாட்டி என்ன, மூக்கு இருக்கே. தடவிப் பாத்தா குதிகால்ல ஆணி. செருப்பு ஆணி, ஏறி எத்தனை நாளோ, சுத்தி சீழு கட்டிக் கெடக்கு.

'ஏன்யா, காலுல ஆணி ஏறியிருக்கே?'

'எந்த ஆணி?'ங்குறாரு. மொத்த வார்டும் சிரிக்குது, டைபாய்டு, மஞ்சக்காமாலை எல்லாரும் எந்திரிச்சு ஒக்காந்து சிரிக்கிறாங்க.

'ராத்திரி எத்தனை தடவ ஒண்ணுக்குப் போவ?' 'அது கெடக்கும் அஞ்சாறு தடவ.' எனக்குப் புரிஞ்சுபோச்சு. சக்கரை. காலு மரத்துப்போயிருக்கு, ஆணி ஏறுனதே தெரியல. அதுக்கப்பறம் நான் எலிசபெத்தா பேச்சித்தாயாங்குறதே எனக்கு மறந்துபோச்சு தங்கச்சி. கண்ணாடி அலமாரியில காட்சிக்கு வச்சிருந்த இடுக்கிய எடுக்கச் சொன்னேன், அதுல வெலைச்சீட்டுக்கூடப் பிய்க்கல. சுடுதண்ணியில போடச் சொல்லி, ஆணியப் பிடுங்கி, சீழ எடுத்து, கழுவிக் கட்டுப் போட்டேன். கைபாட்டுக்குக் கை, வாய்பாட்டுக்கு வாயி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கேன். சக்கரைக்காரன் சொல்லுறத நம்பாத, காலப் பாரு, தெனமும் பாருன்னு. மேடம் குடைய ஊனிக்கிட்டு நின்ன எடத்த விட்டு அசையல. 'இவருக்குக் குடல்வால்னு போட்டிருக்கே?'ன்னு மட்டும் கேட்டாங்க. 'அதுவும் இருக்கு மேடம்'ன்னாரு பவுன்ராஜு.

அந்த அரை மணி நேரம் நான் எம்புட்டு சந்தோசமா இருந்தேன்னு எனக்குச் சொல்லத் தெரியல. கல்யாணத்தன்னைக்குக்கூட அப்பிடி இல்ல. எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லிராத.

மறுநாளு நான் திரும்பவும் மாணவி ஆயிட்டேன். எம் பேரை வேற பட்டியல்ல எழுதி அனுப்பி, பரீட்சை எழுதி, பாஸு பண்ணி, நம்பரும் வாங்கியாச்சு. யாரும் எதையும் ஒத்துப் பாக்கல. பவுன்ராஜுக்கு இன்னும் மூணு பேட்சு நடத்திக்கன்னு அனுமதி வந்துச்சு. மூணையும் நடத்தி, கொட்டகைய வித்துட்டு, மறுபடி பம்புசெட்டு விக்கப் போயிட்டாரு. ஒச்சப்பனுக்குக் காலு தப்பிச்சுச்சு. இப்பவும் மார்க்கெட்டுல என்னப் பாத்தா 'எலிசபெத்தம்மா'ன்னு கூப்பிட்டு முருங்கைக்காய் குடுப்பாரு. அந்தாளுக்கு எம் பேரு அதுதான்.

போன வருஷம் வந்துச்சு வினை. எங்க பள்ளிக்கூடத்துல படிச்ச ஒருத்தி வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கா. அங்கிருந்து இங்க விசாரிக்க, இங்க பைலைத் தேட, ஸ்ரீ பவுனுக்குச் சரியான அனுமதியே இல்லன்னு ஆயிப்போச்சு. நாலு பேட்சுக்கும் நம்பரு நிறுத்தி வைப்பு. ஆறு மாசமா நானும் தமயந்தியும் வேலைக்குப் போகல. பவுன்ராஜுகிட்ட போயிச் சண்டை போட்டேன். பதிவேடெல்லாம் கரையான் தின்னுருச்சாம். 'அப்பவே நெனைச்சேன்மா, நீ நல்லா வருவன்னு'ங்குறாரு. அந்தாளை என்ன பண்றது சொல்லு.

விசாரணைக்கு ஒரு கமிட்டி போட்டாங்க. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருத்தரு தலைவரு, கூட ரெண்டு பேரு. அவங்க தேடிப் பிடிச்சதுல நம்புற மாதிரி இருந்தது அந்தக் குடை மேடத்தோட பைலு ஒண்ணுதான். நோட்டு, ரிப்போர்ட்டு, போட்டோ. அதை வச்சு முடிவு சொல்லிட்டாங்க. எங்க பேட்சுக்கு ஒரிஜினல் அனுமதி இருக்கு, அதனால மேடத்தோட நோட்டுல கையெழுத்து இருக்குற பொண்ணுகளுக்கு நம்பரு அப்பிடியே திரும்பக் கெடைக்கும். அடுத்த மூணு பேட்சுக்கு அனுமதி வந்ததே இன்ஸ்பெக்‌ஷன வச்சு. போட்டோவுல அஞ்சு டியூட்டரு இருக்காங்க, அப்ப இன்ஸ்பெக்‌ஷன் நெசம். அந்தப் பிள்ளைக ஒரு மறுபரீட்சை எழுதிட்டு நம்பரை வச்சுக்கலாம். டியூட்டரு அஞ்சுல ஒண்ணு பொய்யின்னாலும் இன்ஸ்பெக்‌ஷன் செல்லாது, மூணு பேட்சுக்கும் நம்பரு அடியோட ரத்து. நூத்திப் பன்னெண்டு பேரு.

இப்ப உனக்கே வெளங்கியிருக்கும். நோட்டுல எங்க செட்டு அம்பத்தொம்பது பேருக்கும் கையெழுத்து இருக்கு, எனக்கு இல்ல. எனக்கு நம்பரு வேணும்னா, 'ஐயா, அந்த போட்டோவுல அஞ்சாவதா நிக்கிறது நான்தான்'னு சொல்லணும். எங்கூடப் படிச்சவளுக எல்லாரும் போன் போட்டு, 'சொல்லிருடி, நாலு வார்த்தை, நாங்க சாட்சிக்கு வர்றோம்'ன்னாளுக. நெசமான எலிசபெத் மேடம் செத்து ஆறு வருஷம் ஆச்சு, அவங்களக் கேக்கவும் முடியாது. சொல்றதுன்னு முடிவு பண்ணித்தான் சென்னைக்கு வந்தேன். பொய் சொல்ல மாட்டேன், சொல்லத்தான் வந்தேன். எம் மகன் ஏழாப்பு. எங்க வீட்டுக்காரரு லேத்துப் பட்டறையில வாங்குற சம்பளம் வாடகைக்கே பத்தாது.

இன்னைக்குக் காலையில வராந்தாவுல பெஞ்சுல ஒக்காந்திருக்கேன். அந்த மூணு பேட்சுப் பிள்ளைகளும் ஒரு முப்பது நாப்பது பேரு வந்திருக்காளுக. ஆளாளுக்குக் கையில அந்தப் போட்டோவோட ஜெராக்ஸு. ஒருத்தி அதுக்குக் குங்குமம் வச்சிருக்கா! 'இந்த அஞ்சு பேருந்தான்க்கா எங்க கொலசாமி'ன்னு எங்கிட்டயே நீட்டுறா. நானும் வாங்கிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தேன். ஒருத்திக்கும் அடையாளம் தெரியல. தெரிஞ்சாத்தான் ஆச்சரியம், பவுன்ராஜு கண்ணாடியில நான் ஆந்தை மாதிரி இருந்தேன்.

தமயந்தி ஒரு ஓரமா ஒக்காந்து பழைய புத்தகத்தப் படிச்சுக்கிட்டிருக்கா, மறுபரீட்சைக்காம். எம் பக்கத்துல வந்தா. 'அக்கா, இந்த அஞ்சாவது மிஸ்ஸு எடுத்த கிளாஸைப் பத்தி ரிப்போர்ட்டுல எழுதியிருக்காங்களாம், எங்க வக்கீலு சொன்னாரு. நான் சேந்தப்ப இவங்க இல்ல. இவங்ககிட்ட ஒரு நாளாச்சும் படிச்சிருக்கணும்க்கா'ங்குறா. 'போயிப் படி, வாய் பாக்காம'ன்னேன்.

பதினோரு மணிக்கு உள்ள கூப்பிட்டாங்க. நீதிபதி நல்ல மனுசன். 'ஒக்காருங்கம்மா'ன்னாரு. போட்டோவப் பெருசாக்கி வச்சிருந்தாங்க. 'படிச்சேங்குறீங்க, நோட்டுல உங்க பேரு இல்ல, பயப்படாமச் சொல்லுங்க. அஞ்சாவதா நிக்கிற இது நீங்களா?'

பாத்தேன். பெருசாக்குனதுல இன்னும் கேவலமா இருக்கு. கொண்டை ஒரு பக்கம் சாஞ்சு, கண்ணாடி மூக்கு நுனியில. சட்டுன்னு, 'இல்லீங்கய்யா'ன்னுட்டேன். ஏன் சொன்னேன்னு கேட்டா, அதுதான் காரணம். அந்த மூஞ்சிய நான்னு ஒத்துக்க எனக்கு ரோசமா இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல. ஏன் அப்பிடிப் பாக்குற? நெசமாத்தான் சொல்றேன்.

'நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. உங்க சாடை இருக்கே'ங்குறாரு. 'எங்க பக்கம் எல்லாருக்கும் இந்தச் சாடைதான்யா'ன்னேன். 'அப்ப அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?' 'லீவு.' 'நீங்க அங்க படிச்சதுக்கு வேற ஆதாரம் உண்டா?' 'இல்லீங்க.' 'நோட்டுல பேரு இல்லைன்னா நீங்க அங்க படிக்கவே இல்லைன்னுதான் நாங்க முடிவு எடுக்கணும். தெரியுமா?' 'தெரியும்யா.' கிளார்க்கு எழுதுனாரு, நான் கையெழுத்துப் போட்டேன். பேனா மோசமான பேனா, ரெண்டு தடவ உதறுனப்பறம்தான் எழுதுச்சு.

எந்திரிச்சவ சும்மா வந்திருக்கலாம். 'ஐயா, அந்த அஞ்சாவது டீச்சரப் பத்தி ரிப்போர்ட்டுல என்னமோ எழுதியிருக்காமே, ஒருக்கா வாசிக்க முடியுமா'ன்னு கேட்டேன். கிளார்க்கு மொறைக்கிறாரு. நீதிபதி பைலை வாங்கி அவரே வாசிச்சாரு. 'இந்த நிறுவனத்தில் கட்டடமோ கருவிகளோ திருப்தியாக இல்லை. ஆனால் ஆசிரியை எலிசபெத் புஷ்பம் நோயாளியைத் தொட்ட விதத்தை மாணவிகள் பார்த்துக் கற்றால் அதுவே போதும்.' இன்னொரு தடவ வாசிங்கய்யான்னேன். இன்னொரு தடவ வாசிச்சாரு. வாசிச்சுட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேல என்னையவே பாத்தாரு. அப்பறம் பைலைக் கட்டி வச்சுட்டு, 'போயிட்டு வாங்கம்மா'ன்னு எந்திரிச்சுக் கும்பிட்டாரு. எதுக்கு எந்திரிச்சாருன்னு தெரியல, வயசான மனுசன், முதுகு வலியா இருக்கும்.

வெளிய வந்தா ஒரே கொண்டாட்டம். கிளார்க்கு போயிச் சொல்லிட்டாரு, அஞ்சும் நெசம், மறுபரீட்சை அடுத்த மாசம்னு. ஒருத்திய ஒருத்தி கட்டிப்பிடிச்சு அழுறாளுக. கூட்டத்த விலக்கிக்கிட்டு தமயந்தி வர்றா. மூஞ்சி செவந்து கெடக்கு.

'உங்க பேரு நோட்டுலயே இல்லையாமேக்கா? நீங்க படிக்கவே இல்லையாமே?'

நான் குனிஞ்சு செருப்பத் தேடுனேன்.

'பதினோரு வருஷம் என்னைய நிக்க வச்சுத் திட்டுனீங்களேக்கா. நீ எல்லாம் ஒரு நர்சான்னு கேட்டீங்களே. படிக்காமயா ஊசி போட்டீங்க? படிக்காமயா எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?' எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. கொலசாமிக்குக் குங்குமம் வச்சவ கையத் தட்டிச் சிரிக்கிறா.

'ஆமா, இப்ப என்னாங்குற?'ன்னுட்டு செருப்பு மாட்டிக்கிட்டு வந்துட்டேன். படியில எறங்கும்போதுதான் அழுகை வந்துச்சு. ஆட்டோவுல எழும்பூர் வர்ற வரைக்கும் அழுதேன். ஆட்டோக்காரரு ஆஸ்பத்திரியில யாருக்கும் சரியில்லையாம்மான்னு கேட்டாரு. ஆமாங்கன்னேன்.

என்னது? அவகிட்டயாச்சும் உண்மையச் சொல்லியிருக்கலாமேங்குறியா? வாயி வரைக்கும் வந்துச்சு தங்கச்சி. ஏ கூறுகெட்டவளே, நீ படிக்கலையேன்னு ஏங்குனியே, அந்த மிஸ்ஸு நான்தான்டின்னு. ஒரு நிமிசம் போதும், அவ மொகம் மாறுறதைப் பாத்திருப்பேன். ஆனா அவளை உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சொல்லியிருந்தா அடுத்த நிமிசமே திரும்பி அந்த ரூமுக்குள்ள போயி, 'ஐயா, போட்டோவுல இருக்கிறது எங்க அக்காதான், அவங்களுக்கு நம்பரக் குடுங்க'ன்னு சொல்லிட்டு வந்து நிப்பா. அவ நம்பரு போகும்னு தெரியும், நூத்திப் பன்னெண்டு பேரும் சேந்து அவளக் கிழிச்சிருவாளுகன்னும் தெரியும். அப்பவும் போவா. அந்தக் கழுதை அப்பிடிப்பட்ட கழுதை.

நல்ல நர்சு தங்கச்சி அவ. அவ மாதிரி ஒருத்தி எங்க வார்டுக்கு வந்ததே இல்ல, என்னையும் சேத்துத்தான் சொல்றேன். அதைப் பதினோரு வருஷத்துல ஒரு நாளும் அவகிட்ட நான் சொன்னதில்ல. இப்பச் சொல்லலாம்தான். படிக்காத நர்சு வந்து, நீ நல்ல நர்சுன்னு சொன்னா அதுக்கு என்ன மதிப்பு?